தட்டைப் பல்லும் கூம்புப் பல்லும்

ஞானிகளுக்குக் கோபம் வராது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. தில்லைநாயகி அம்மாவுக்கு வரும். காலையில் ஒழுங்கான காப்பி கிடைக்காவிட்டால் கட்டாயம் வரும்.

ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஆசிரமம். அதன் குரு அவர். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள், பென்ஷன்காரர்கள். கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்டு வருகிறவர்கள் குறைவு. வீட்டில் முடிவெடுக்க முடியாத சங்கதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மலையேறி வருகிறவர்கள்தான் அதிகம்.

பொன்னுரங்கம் அப்படி வந்தவர். கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ராஜாத்தி போன வருஷம் இறந்துவிட்டார். ஒரே மகள் தேன்மொழி ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள்.

வந்த அன்றே பொன்னுரங்கம் தன் கேள்வியை வைத்தார்.

"அம்மா, வளைகாப்பு முடிஞ்சு பொண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வரோணுங்க. தலைப்பிரசவம் நம்ம வீட்டுல பார்க்கறதுதான் வழக்கம். ஆனா தாய் இல்லாத வீடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. கூட்டிட்டு வர்றதா, அங்கயே விட்டுடறதா? நீங்கதான் சொல்லோணும்."

அந்த நேரம் பார்த்துத் தில்லைநாயகிக்கு மண்டை பிளந்தது. ஆசிரமத்தில் காப்பிக்கொட்டை அரைக்கும் கை மிஷினுக்குப் பல் தேய்ந்துபோய், பொடி ரவை ரவையாக விழுந்துகொண்டிருந்தது. டிகாஷன் என்ற பெயரில் கழனித்தண்ணிதான் இறங்கியது.

"முதல்ல நல்ல மிஷின் ஒண்ணாப் பாத்து ஏற்பாடு பண்ணுங்க ஐயா. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் பேசலாம்," என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். அதில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை. காப்பி வேண்டும் என்றால் காப்பி வேண்டும்.

ஆனால் ஆசிரமத்துக்கு வருகிறவர்களைப் பிடிக்கிற வியாதி ஒன்று உண்டு. குளிருகிறது, கதவைச் சாத்துங்கள் என்று குரு சொன்னால், எந்தக் கதவு, எது குளிர் என்று உட்கார்ந்து யோசிப்பார்கள். பொன்னுரங்கம் கண்கலங்கிக் கும்பிட்டார். "புரிஞ்சுதுங்கம்மா," என்றார். என்ன புரிந்தது என்று தில்லைநாயகி அப்போதே கேட்டிருக்க வேண்டும். தலைவலியில் விட்டுவிட்டார்.

சேலத்தில் காப்பி மிஷின் கடை வைத்திருக்கும் பக்தர் ஒருவர், விஷயம் கேள்விப்பட்டு நாலு மிஷின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சமையற்கட்டு மேசையில் வரிசையாக இறக்கி, எப்படி ஓட்டுவது என்று விளக்கிச் சொன்னார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல மனிதர். அவர் ஒரே ஒரு மிஷினைக் கொண்டுவந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலை பொன்னுரங்கம் நாலு டம்ளர்களோடு அம்மாவின் முன் வந்து நின்றார்.

"இது தட்டைப் பல்லுங்க. ரெண்டு வட்டத் தட்டு ஒண்ணையொண்ணு பார்த்தாப்பல இருக்கும். கொட்டை நடுவுல விழுந்து ஓரமா வெளிய வரும். பொடி எல்லாம் ஒரே சீரு. ஆனா சூடாகுதுங்க. பல்லிடுக்குல பழைய பொடி தங்கிடுது."

"சரி."

"இது கூம்புப் பல்லுங்க. ஒரு வளையத்துக்குள்ள கூம்பு சுத்தும். மெதுவா ஓடும், சூடாகாது, பொடி தங்காது. ஆனா மாவு மாதிரி தூள் கொஞ்சம் கலந்துடுது. இது அதே கூம்புதான், பல்லு மட்டும் பீங்கான். சீக்கிரம் தேயாதுங்க. ஆனா கொட்டையோட சின்னக் கல்லு வந்தாப் போதும், மூளி ஆயிரும். இது கையில சுத்தறது. கரண்ட் வேண்டாம், தோள்பட்டை போயிரும்."

தில்லைநாயகி முதல் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

"எப்படிங்கம்மா இருக்கு?"

"ஆறிப்போயிருக்கு."

பொன்னுரங்கம் அதைக் கேட்டுத் திகைத்து நின்றார். பிறகு மெல்லத் தலையாட்டினார். ஆறிப்போயிருக்கு என்பதைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். தில்லைநாயகிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்துதான். பொடியை வெள்ளைத் துணியில் பரப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். டிகாஷன் எந்தப் பொடிக்கு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று ஃபில்டர் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தார். சன்னமாக அரைத்தால் அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட இறங்கவில்லை. கொஞ்சம் தளர்த்தினால் தண்ணீராய் ஓடிவிட்டது. பீங்கானை ஒதுக்கினார்; மூன்று நாள் கழித்து, அதற்கு அநியாயம் செய்துவிட்டோமோ என்று திரும்ப எடுத்து வைத்தார். ஆசிரமத்தில் யாருக்கும் நேரத்துக்குக் காப்பி இல்லை. காலைத் தியானத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள், மீதிப் பேர் தூங்கினார்கள்.

சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சலைக்கு வாய் கொஞ்சம் நீளம். "வறுத்துப் போடற கொட்டையையெல்லாம் அரைச்சு அந்த ஐயா துணியில காயவெச்சுக்கிட்டு இருக்காரும்மா. டின்னுல கொட்டை அடியைத் தொட்டுடுச்சு. உங்களுக்குச் சுக்குத்தண்ணி போட்டுத் தரட்டா?" என்றாள்.

தில்லைநாயகி சுக்குத்தண்ணி குடித்தார். குடித்த சுக்கைவிட மனசு எரிந்தது.

ஆசிரமத்தில் சீடர்களின் செல்போனெல்லாம் அலுவலக அறை அலமாரியில் இருக்கும். பொன்னுரங்கத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவரைக் கூப்பிட்டால், கையில் வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஒருநாள் அந்தப் பக்கமாக வந்த தில்லைநாயகியே எடுத்துவிட்டார்.

"அப்பா?"

"நான் ஆசிரமத்துல இருந்து பேசறேன்மா. தில்லைநாயகி."

"அம்மாங்களா? நான் தேன்மொழிங்க. அப்பா என்ன பண்றாருங்க?"

"காப்பிக்கொட்டை அரைக்கிறார்."

"எங்கப்பாவுங்களா? அவருக்குப் பால் காய்ச்சவே தெரியாதுங்களே."

"இப்பவும் தெரியலை. அரைக்க மட்டும் செய்யறார்."

தேன்மொழி சிரிக்கப் பார்த்தாள்; சிரிப்பு பாதியில் உடைந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்புங்கம்மா. முடிஞ்சதும் யார் கூட்டிட்டுப் போறாங்கன்னு அத்தை கேட்டுட்டே இருக்காங்க. அவங்க நல்லவங்கதான், என்னைப் பார்த்துக்குவாங்க. ஆனா எனக்கு எங்க வீட்டுக்குப் போகோணும். அம்மா இருந்த வீடு. அப்பா கேட்டுச் சொல்றேன், கேட்டுச் சொல்றேன்னே நாளைக் கடத்திட்டாருங்க. வெள்ளிக்கிழமை வந்தாருன்னா அவர்கூடக் கிளம்பிடறேன். வரலீன்னா இங்கயே இருந்துக்கறேன்னு சொல்லிடுங்க. இனிமே கேட்க மாட்டேன்."

தில்லைநாயகி நேரே சமையற்கட்டுக்குப் போனார். பொன்னுரங்கம் கூம்பை நீர் படாமல் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார். தேன்மொழி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

பொன்னுரங்கத்தின் முகம் வெளிறியது. கை மட்டும் துடைப்பதை நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுவேனுங்கம்மா. பீங்கானையும் கை மிஷினையும் தள்ளிட்டேன். தட்டையா கூம்பாங்கறதுதான் பாக்கி. முடிச்சுட்டா நீங்க பதில் சொல்லிடுவீங்க."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"முதல் நாளே சொன்னீங்களே. முதல்ல மிஷின், அப்புறம் பேச்சுன்னு. சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவனுக்குப் பதில் எதுக்குன்னுதானுங்க?"

தில்லைநாயகியின் பொறுமை அங்கேயே தீர்ந்துபோயிற்று.

"ஐயா, அன்னைக்கு எனக்குத் தலைவலி. காப்பி கேட்டேன்."

"ஆமாங்க. காப்பின்னு நீங்க சொல்றது—"

"காப்பியைச் சொல்றேன். பால், சர்க்கரை போட்டுக் குடிக்கற காப்பி."

பொன்னுரங்கம் கனிவாகப் புன்னகைத்தார். குரு தன்னை மறைத்துப் பேசுகிறார் என்று பரவசப்படும் சீடனின் புன்னகை. அந்தப் புன்னகையைப் பார்த்த பிறகு தில்லைநாயகி அங்கே நிற்கவில்லை. நின்றிருந்தால் அந்தக் கூம்பை எடுத்து வீசியிருப்பார், அதற்கும் அவர் ஓர் அர்த்தம் கண்டுபிடித்திருப்பார்.

வியாழக்கிழமை விடிந்ததும் சமையற்கட்டிலிருந்து ஒரு வினோதமான சத்தம் வந்தது. மோட்டார் உறுமியது, ஆனால் எதுவும் சுற்றவில்லை. தில்லைநாயகி போய்ப் பார்த்தார். பொன்னுரங்கம் தட்டைப் பல் மிஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நிறையக் கொட்டை போட்டிருந்தது. வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

"இறுகிடுச்சுங்கம்மா. நேத்துப் பொடி கொஞ்சம் பெரும்பொடியா இருந்துது. மேல இருக்கற வளையத்தைத் திருகினா பல்லு ரெண்டும் நெருங்கும், சன்னமா வரும். சரியான அளவுக்குத் திருகி வெச்சுட்டு சுவிட்சைப் போட்டேன். ஓட மாட்டேங்குது."

"நிறுத்தி வெச்சுத் திருகினீங்களா?"

"ஆமாங்க. அளவை முடிவு பண்ணிட்டுத்தானே ஓட்டோணும்?"

தில்லைநாயகி வளையத்தைப் பின்னுக்குத் தளர்த்தினார். சுவிட்சைப் போட்டார். பல்லுக்கு நடுவே சிக்கியிருந்த கொட்டைகள் கடகடவென்று உடைந்து, தட்டுகள் சுற்ற ஆரம்பித்தன. ரவையாகப் பொடி விழுந்தது. அது விழுந்துகொண்டிருக்கும்போதே ஒரு கையால் வளையத்தை மெல்ல மெல்ல முன்னுக்குத் திருகினார், மறு கையில் பொடியை ஏந்தி விரலால் தேய்த்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் திருகினார். கூடிப்போனது. ஒரு மயிரிழை தளர்த்தினார். பொடி நிதானமாக விழுந்தது. பிறகு மிஷினை நிறுத்தினார்.

பொன்னுரங்கம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடும்போது திருகலாங்களா?"

"ஓடும்போதுதான் திருகணும். கடைக்காரர் இறக்கி வைக்கும்போதே சொன்னாரே. நீங்க அப்ப அவர்கிட்ட இரும்புப் பல்லா எஃகுப் பல்லான்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

கொட்டி வைத்த பொடியை அஞ்சலை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். மூன்று பேரும் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் பொடி ரவையாகவும் பின்னால் விழுந்தது சன்னமாகவும் கலந்து கிடந்தது. பரிசோதனைப் பிரிவில் இருந்தபோது அப்படி ஒன்று கையில் வந்திருந்தால் பொன்னுரங்கம் திருப்பி அனுப்பியிருப்பார். அன்றைக்கு அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க," என்றார்.

"ஆமா."

"ராத்திரியில வலி வந்துட்டா நான் என்ன பண்ணுவேனுங்கம்மா? என்ன சாப்பாடு கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாதுன்னுகூடத் தெரியாது. பொறந்த குழந்தைக்கு எப்படித் தண்ணி ஊத்தறதுன்னு தெரியாது. ஆள் வெச்சுக்கலாம், ஆசுபத்திரி பக்கத்துலதான். ஆனா எது தப்பாப் போயிட்டாலும் அந்தப் புள்ள என் முகத்தைத்தானே பார்க்கும்? எனக்குப் பயமா இருக்குங்க. ராஜாத்தி இருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

தில்லைநாயகிக்கு அவர் மேல் இத்தனை நாளாக இருந்த எரிச்சல் போகவில்லை. ஆனால் அதற்குள்ளேயே பாவம் என்றும் இருந்தது. இந்த மனிதர் நாலு மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். தேடிக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை சுக்குத்தண்ணி ஆகிவிட்டது.

"தேன்மொழி பொறந்தப்ப நீங்க கூட இருந்தீங்களா?"

"இருந்தேனுங்க. மறுநாள் காலையில போனேன்."

"அன்னைக்கு ராஜாத்தி அம்மாவுக்கு என்ன தெரிஞ்சிருந்தது?"

பொன்னுரங்கம் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது.

"ஒண்ணும் தெரியாதுங்க. இருபது வயசு. குழந்தையை மடியில போட்டுட்டு அழுதுட்டு இருந்தா. எப்படித் தூக்கறதுன்னே தெரியலீங்க, கழுத்து நிக்க மாட்டேங்குது, கீழ போட்டுருவேன்னு."

"அப்புறம்?"

அஞ்சலை கொண்டுவந்து கொடுத்த டம்ளர் பொன்னுரங்கத்தின் கையில் சுட்டது. அது எந்த மிஷினின் காப்பி, எப்படி இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நின்றபடியே குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். நாலு மிஷின்களையும் மேசையிலேயே அப்படி அப்படியே விட்டுவிட்டு, மகளைக் கூப்பிட அலுவலக அறைக்குத் தன் போனை வாங்கப் போனார்.