மாயனுக்கும் மலைக்கும் நடுவே ஒரு குண்டு

மழை வந்தாலும் வரும், வராமலும் போகும் என்கிற ஒரு சீமையிலே, வீட்டுக்கு ஓர் ஆளைப் பட்டாளத்துக்குக் கொடுத்த ஆனைக்கல்பட்டி என்று ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரிலிருந்து காசிமாயன், சோலைமலை என்று இரண்டு சிநேகிதர்கள் ஒரே நாளில் ஆளெடுப்புக்குப் போய், ஒரே அதிரடிப்படையில் சேர்ந்தார்களாம். உயிரோடு திரும்பி வந்தது ஒருத்தன்தான்.

எல்லையோரத்து ஊர் ஒன்றில் பயங்கரவாதிகள் ஒரு விடுதியைப் பிடித்துக்கொண்டார்கள். படிக்கட்டு முழுக்கப் புகை. மேலே போன காசிமாயனின் வயர்லெஸ் செத்துப்போக, அவன் சொல்லாமலே கீழே இறங்கினான். புகைக்குள்ளிருந்து வந்த உருவத்தை எதிரி என்று நினைத்து, கீழே நின்ற சோலைமலை சுட்டான். சுட்ட பிறகுதான் முகம் தெரிந்தது.

காசிமாயனுக்கு இன்னும் மூச்சு இருந்தது. "நீ கதை எழுதுறவனாச்சே, மல. இத நடந்தது நடந்தபடி எழுதிரு. இன்னொருத்தன் இப்பிடிச் சாகக்கூடாது" என்றான். சோலைமலை அவன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். எதிரியின் குண்டு என்று மேலதிகாரிகள் எழுதிக்கொண்டபோது இவன் மறுத்துப் பேசவில்லை.

சவப்பெட்டியோடு ஊருக்கு வந்தவனைக் காசிமாயனின் தாய் பெருமாயி கட்டிக்கொண்டாள். "நீ கதை எழுதுவியாம்ல அப்பு. கதையிலயாச்சும் எம்புள்ளய உசுரோட கீழ எறக்கி விட்டுரு" என்றாள். அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டான்.

செத்தவன் மெய்யைக் கேட்டான், பெற்றவள் பொய்யைக் கேட்டாள். ஆறு வருஷம் உழன்று சோலைமலை ஒரு வழி கண்டுபிடித்தான். 'ஆபரேஷன் வெண்புகை' என்று ஒரு நாவல் எழுதினான். படிக்கட்டு, புகை, வயர்லெஸ், குண்டு பாய்ந்த இடம் எல்லாம் நடந்தபடியே இருந்தன. ஆளை மட்டும் மாற்றிப் போட்டான். நாவலில் செத்தவன் பெயர் மலை. உயிரோடு ஊர் திரும்பியவன் பெயர் மாயன். சுட்டது யாரென்று எழுதவில்லை. பட்டாளத்தானுக்கு விளங்கட்டும் என்று குண்டு வந்த திசையை மட்டும் எழுதினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் நூலகத்து வாசகர் வட்டத்தில் அந்த நாவலைப் பற்றிப் பேச்சு. பெருமாயியை அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாயன் ஊர் திரும்பும் கடைசி அத்தியாயத்தை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணை வாசிக்கச் சொல்லி, எத்தனையோ தடவை கேட்டிருந்தாள்.

கல்லூரிக்குப் போகும் முத்துப்பேச்சி முதலில் எழுந்தாள். "கையில எடுத்தா கீழ வைக்க முடியலண்ணே. எறங்கவேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டு ரெண்டு ஊரு தாண்டிப் போயிட்டேன்."

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் வரதன் உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு ஒட்டல. துப்பாக்கியப் பத்தி நாலு பக்கம் எழுதத் தெரியுது. எதிராளிக்கு ஒரு முகம் எழுதத் தெரியலையே!"

"மொதல்ல எங்க தெருவுக்குக் கரண்டு விடும்யா, அப்புறம் மொகத்தப் பாப்போம்" என்றது பின்வரிசை. நூலகமே சிரித்தது. சோலைமலையும் சிரித்துவைத்தான்.

பிறகு பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற ஜெயபாண்டி தொண்டையைச் செருமினார். "பதினெட்டாம் அத்தியாயத்த ஒருத்தரும் ஒழுங்காப் படிக்கல. மலை படியில எறங்குறான். காயம் நெஞ்சுல. எதிராளி பூராவும் மேல, அவன் முதுகுப் பக்கம். கீழ நின்னது ஒரே ஆளு, மாயன். அப்ப சுட்டது யாரு? மாயன்தான். தெரியாமச் சுட்டுட்டான். சோலைமலை பேர மாத்துவானே தவிர நடந்தத மாத்தமாட்டான். அடிச்சுச் சொல்றேன், இது நெசத்துல நடந்தது!" அவர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

சிநேகிதனுக்குத் தன் உயிரை எழுதிக் கொடுத்தோம் என்றுதான் இத்தனை நாளும் சோலைமலை நினைத்திருந்தான். கூடவே தன் குண்டையும் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

கூட்டம் கலையும்வரை பெருமாயி அசையவில்லை. எல்லோரும் போன பிறகு கிட்டே வந்தாள்.

"அப்பு, எம்புள்ள சாகறதுக்கு முந்தி இன்னொருத்தனச் சுட்டுட்டானா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"தெரியாமத்தான செஞ்சான். அந்தப் பயலுக்கும் ஆத்தான்னு ஒருத்தி இருப்பாள்ல? எந்த ஊருன்னு மட்டும் சொல்லு. நான் போயி அவ கால்ல விழுந்துட்டு வந்துர்றேன்."

"எல்லாம் கற்பனை ஆத்தா" என்றால் அவள் பாரம் இறங்கிவிடும். படிக்கட்டில் கொடுத்த வாக்கு போய்விடும். மெய்யைச் சொன்னால் மகன்மேல் விழுந்த பழி போகும். கதையில் பிழைத்திருந்த மகனும் போவான், மகனைப்போல வந்து போகும் இவனும் போவான். வாயை மூடிக்கொண்டால், இல்லாத ஒரு தாயைத் தேடி இந்த வயதில் ஊர் ஊராக அலைவாள்.

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: எந்த ஊர் என்ற கேள்விக்குச் சோலைமலை என்ன பதில் சொல்வது சரி?

விடை: மெய்யைச் சொல்வதுதான் சரி. தன் உயிரை ஒருவன் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். தான் செய்த குற்றத்தை, மறுத்துப் பேச வாயில்லாதவன் தலையில் எழுத முடியாது. எழுதிவிட்டால் திரும்ப வாங்கித்தான் ஆகவேண்டும். அதனால் யாருக்கும் ஆறுதல் கிடையாது. சோலைமலை "ஆனைக்கல்பட்டி" என்றான். மீதியையும் சொன்னான். பெருமாயி நின்றபடி கேட்டாள். "இன்னொருக்காச் சொல்லு" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசல்படி இறங்கி, தன் வீடு எந்தப் பக்கம் என்பதுகூட மறந்தவளாய், அதற்கு எதிர்த்திசையில் நடந்தாள்.