முதல் வீடும் இரட்டை வரியும்

வில்லிமங்கலத்தை ஆண்ட சுந்தரவில்லருக்கு வயது இருபத்தாறு. தங்கமான ராஜா. ஒரே ஒரு குறை, ஓலையை நீட்டினால் படிக்காமலே முத்திரை வைத்துவிடுவார். நீட்டுவதற்கென்றே ஒருவர் இருந்தார், பொக்கிஷ மந்திரி அனந்தப்பர். ஊரையே அதட்டுகிற ஆள். ஆனால் அவரிடம் எதைக் கேட்டாலும், "வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன்" என்பார். வீட்டில் என்றால் அவர் மனைவி ஆவுடையம்மாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை சபையில் புதுச் சட்டம் ஒன்றை வாசிக்கப் போனார்கள். முதலில் எக்காளம் முழங்க வேண்டும். அரண்மனை எக்காளக்காரன் சடையப்பன் ஊதினான். ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சபை கொல்லென்று சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான், அரண்மனை விகடகவி தெய்வச்சிலை. ஊரையே சிரிக்க வைப்பது அவர் உத்தியோகம். அன்று மட்டும் அவர் சடையப்பனின் கண்ணைப் பார்த்தார். அது கலங்கியிருந்தது.

சட்டம் இதுதான். அதுவரை வீடு வாங்க அரண்மனையில் கடன் கேட்டால், வாங்கப்போகிற வீட்டையே அடமானமாக எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். இனி அது கிடையாது. ஏற்கெனவே சொந்த வீடு உள்ளவர், அதை அடமானம் வைத்தால்தான் கடன். போதாதற்கு, முதன்முதலாக வீடு வாங்குகிறவர் வாசல் வரியை இரண்டு மடங்காகக் கட்ட வேண்டும். ஏனாம்? முதல் தடவைக்காரனுக்கு வீடு வைத்து நடத்திப் பழக்கம் இல்லையாம். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சடையப்பன் ஏழு வருஷமாக மாமனார் வீட்டில் இருந்தான். ஓர் அறை, ஒன்பது பேர். எக்காளம் பழக வேண்டுமென்றால் ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டும், அங்கே எருமைகள்தான் ரசிகர்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, தேரடித் தெருவில் இரண்டு அறை வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் வீடும் போச்சு, முன்பணமும் போச்சு. அதே வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்து, அவன் மனைவி சிட்டம்மா புதுப் பானைக்கு மஞ்சள்கூடக் கட்டிவிட்டாள். கடனை நம்பி இருந்தவன், அந்தக் கடனை மறுக்கிற சட்டத்துக்குத் தானே எக்காளம் ஊதினால் ஆட்டுக்குட்டிச் சத்தம் வராமல் என்ன செய்யும்?

தெய்வச்சிலை சடையப்பனிடம் விஷயத்தைக் கேட்டறிந்து ராஜாவிடம் போய்ச் சொன்னார். கடன் விஷயமெல்லாம் அனந்தப்பர் பார்த்துக்கொள்வார் என்று கையை விரித்துவிட்டார் ராஜா. அவர் மனசு அங்கே இல்லை. நெய்தல்நாட்டு இளவரசி பூங்குழையின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. "நீரே போய்ப் பெண் கேட்டு வாரும்" என்று தெய்வச்சிலையைத்தான் அனுப்பினார்.

வியாழக்கிழமை காலையில் தெய்வச்சிலை ஓலையோடு வந்து நின்றார். முகம் உம்மென்று இருந்தது. ராஜா அவசரப்படுத்த, சபை நடுவே வாசித்தார்:

"முதன்முதலாகக் கலியாணம் செய்கிறவருக்கு நாங்கள் பெண் கொடுப்பதில்லை. குடும்பம் நடத்திப் பழக்கம் இராது. மன்னருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தால், அந்த அம்மாள் நேரில் வந்து ஜாமீன் சொல்லட்டும். பரிசமும், முதல் தடவை என்பதால், இரண்டு மடங்கு."

ராஜா எழுந்த வேகத்தில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. "முதல் கலியாணத்துக்கு முன்னாலேயே மனைவிக்கு நான் எங்கே போவேன்?"

அவரைவிட அதிகமாகக் கொதித்தவர் அனந்தப்பர். "என்ன பைத்தியக்காரத்தனம் இது? இப்படி ஒரு சட்டம் போட்டவனுக்கு மூளை இருக்குமா?"

"அதை நான் எப்படிச் சொல்வேன், மந்திரியாரே? போட்டவர் நீங்கள்தான்" என்றார் தெய்வச்சிலை. "நம் ஊர்ப் புதுச் சட்டத்தை இளவரசியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். வீடு என்று இருந்த இடத்தில் மனைவி என்று போட்டு, தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். மகாராஜா இப்போது கேட்டாரே, அதைத்தான் சடையப்பன் திங்கட்கிழமை எக்காளத்தில் கேட்டான்."

ராஜா கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, தான் முத்திரை வைத்த சட்டத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தார். படிக்கப் படிக்கக் காது சிவந்தது.

அனந்தப்பர் விடவில்லை. வீடு வேறு, மனைவி வேறு, இரண்டையும் ஒன்றாகப் பேசுவது சபைக்கு அழகா என்று சண்டைக்கு வந்தார். தெய்வச்சிலை ஓலையைத் திருப்பி ராஜாவிடம் நீட்டினார். பின்பக்கத்தில் இளவரசியின் கையெழுத்தில் ஒரே வார்த்தை இருந்தது: சம்மதம்.

அவ்வளவுதான். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டம் நாலு துண்டானது. பழையபடி வாங்குகிற வீடே அடமானம், முதல் வீட்டுக்காரருக்கு ஒரு வருஷம் வாசல் வரியே இல்லை என்று உத்தரவு பிறந்தது. சடையப்பன் எக்காளத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அனந்தப்பரே, நாளைக்குச் சடையப்பன் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள்" என்றார் ராஜா. "ஊருக்கே பாயசம், உம்முடைய செலவு. சம்மதம்தானே?"

பழக்கதோஷம் யாரை விட்டது? அனந்தப்பர் வாய் தானாகத் திறந்தது. "வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு..." என்று ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தெய்வச்சிலை கைகூப்பினார். "பார்த்தீர்களா மகாராஜா? வீடும் மனைவியும் ஒன்று என்று நான் சொன்னால் சண்டைக்கு வருகிறார். சுவரிடமா கேட்கப் போகிறார்? வீடு இல்லாவிட்டால் மந்திரிக்குக்கூட ஒரு முடிவும் எடுக்க வராது. சடையப்பன் பாவம், வெறும் எக்காளக்காரன்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மறுபடியும் காதுவரை இறங்கியது. இந்தத் தடவை அவர் அதைத் தூக்கவே இல்லை.