சங்கையாவின் தம்பி

“இவனெல்லாம் ஒரு சென்டர் ஃபார்வர்டா, டீச்சர்?”

பெத்துராஜ் அண்ணாச்சி கேட்டார். கேட்டது சொந்த மகன் கதிரேசனைப் பற்றி.

எப்சி டீச்சர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். 

எப்சி டீச்சர் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். எங்கள் ஊர் ஹாக்கி டோர்னமென்ட்டில் அம்பயர். அண்ணாச்சியைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். ஆனாலும் சந்தேகம் என்று வந்தால் அண்ணாச்சி அவரிடம்தான் வருவார். ஊரில் மற்ற எல்லோரும் அண்ணாச்சியைக் கண்டால் தெருவை மாற்றிவிடுவார்கள்.

எனக்கு ஸ்கோர் போர்டில் நம்பர் மாட்டுகிற வேலை. கோல் விழுந்தால்தான் எழுந்திருப்பேன். ஹாக்கியில் கோல் அவ்வளவு சீக்கிரம் விழாது. அதனால் கிரவுண்டுப் பேச்செல்லாம் என் காதில்தான் விழும்.

“இந்த டீமுக்கு செமி ஃபைனலே அதிகம் டீச்சர். கோலிக்கு இடது காலு வராது. ஃபுல்பேக்குக்கு மூச்சு வாங்குது. நம்ம வீட்டுப் பையனைக் கேக்கவே வேணாம். பந்து கிடைச்சதும் ஒரு யோசனை. அந்த யோசனையிலயே பாதி ஆட்டம் போயிருது. எங்க அண்ணனுக்கு அது கிடையாது. பந்து வரும்போதே போயிருப்பான்.”

அண்ணன் என்றால் சங்கையா. எங்கள் ஊரில் ஹாக்கி என்றால் சங்கையா என்று ஒரு காலம் இருந்தது. மஞ்சள் காமாலை வந்து இருபத்தாறு வயதில் போய்விட்டார். போனவர் போய்விட்டார். தம்பி அவரை விடவில்லை.

“எங்க அண்ணன் சரள்ல ஆடுனவன். வெறுங்காலு. எந்தக் கல்லுல பந்து பட்டா எங்க திரும்பும்னு அவனுக்குத்தான் தெரியும். இவனுங்களுக்கு என்ன? நீலக்கலர்ல கம்பளம் விரிச்சு, தண்ணி தெளிச்சு, மாப்பிள்ளை மாதிரி இறங்குறானுங்க. சொல்லுங்க டீச்சர். எங்க அண்ணன் காலத்துல இவன் ஆடியிருந்தா நின்னுருப்பானா?”

டீச்சர் நிமிர்ந்தார்.

“உங்க அண்ணன் ஆட்டத்தை நான் பாத்ததில்ல, அண்ணாச்சி.”

“அதான் சொல்றேன். பாக்காதவங்களுக்கு எப்படிப் புரியும்?”

“கதிரேசன் ஆட்டத்தை நீங்க பாத்திருக்கீங்களா?”

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒரு மேட்ச் விட்டதில்ல டீச்சர். அவன் ஸ்கூல் டீம்ல ஆடுன நாள்லேர்ந்து கேலரியில மூணாவது படி. மழையா இருந்தாலும் மூணாவது படி.”

“சரி” என்றார் டீச்சர். விசிலை எடுத்து மாட்டிக்கொண்டு, வெளியூர் டீம்களின் ஆட்டத்துக்காகக் கிரவுண்டுக்குள் போய்விட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “இந்த டீச்சர் ஒரு மாதிரிப்பா” என்றார்.

நான் ஸ்கோர் போர்டுப் பக்கம் நடையைக் கட்டினேன். பதில் சொன்னால் சங்கையா மதுரையில் அடித்த கோலை மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும்.

*

செமி ஃபைனல் அன்று காலையிலேயே அண்ணாச்சி வந்துவிட்டார். சவரம் செய்யவில்லை. சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது.

டீச்சர் நீலநிற டர்ஃபின் ஓரத்தில் நடந்து வெள்ளைக் கோடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கூடவே நடந்தார்.

“அவன் போறேங்கிறான் டீச்சர்.”

“யாரு?”

“கதிரேசன்தான். இந்த டோர்னமென்ட் முடிஞ்சதும் ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டுத் திருப்பூர் போறானாம். பனியன் கம்பெனியில சேர்றானாம். இனிமே இந்த ஆட்டமே வேணாங்கிறான்.”

“உங்ககிட்ட சொன்னானா?”

“அவங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கான். எங்கிட்டதான் பொங்கல்லேர்ந்து பேச்சே இல்லையே.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“எங்க அண்ணன் காலெல்லாம் ரத்தம் வடிய ஆடுனான்னு சொன்னேன்.”

டீச்சர் நின்றார்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம் டீச்சர். அவன் ஆடணும். ஜெயிக்கானோ தோக்கானோ, ஆடணும். நம்ம வீட்டுல ரெண்டு பேருக்குத்தான் அந்தக் கை. ஒருத்தன் போய்ச் சேர்ந்துட்டான். இவனும் விட்டுட்டா நான் எதைப் பாக்கிறது? ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக் குடுத்தது நீங்கதான். உங்க பேச்சைக் கேப்பான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவர் மகனைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. நம்பர் தகடுகளைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

டீச்சர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். சொந்த ஊர் டீம் ஆடும்போது உள்ளூர் அம்பயர் நிற்கக் கூடாது. அதனால் அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை.

“சாயங்காலம் மூணாவது படியில உக்கார வேணாம். ஸ்கோர் போர்டுக்குப் பின்னால நில்லுங்க. நானும் இருப்பேன்.”

“சரி.”

“ஆட்டம் தொடங்குனதும் இந்த விசிலை வாயில வச்சுக்கோங்க.”

“நான் எதுக்கு டீச்சர் விசில் ஊதணும்?”

“ஊதக் கூடாது. வெளியே எடுக்கவும் கூடாது.”

“அப்புறம் எதுக்கு?”

“அது வாயில இருந்தா பேச வராது” என்றார் டீச்சர்.

*

எங்கள் ஸ்கோர் போர்டு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், ஒரு மூலையில் இருக்கிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி உண்டு. உள்ளே நிற்பவர் வெளியே தெரிய மாட்டார். வெளியே ஆடுகிறவர்களின் முகம் உள்ளே நன்றாகத் தெரியும். கேலரியிலிருந்து பார்த்தால் தூரத்தில் சட்டையும் நம்பரும்தான் தெரியும்.

அண்ணாச்சி விசிலை வாயில் வைத்துக்கொண்டு இடைவெளியில் கண்ணை வைத்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆட்டம் தொடங்கியது.

கதிரேசனுக்கு முதல் பந்து வந்தது. ஸ்டிக்கில் நின்றது. அவன் தலையைத் தூக்கிக் கேலரியைப் பார்த்தான். அதற்குள் எதிர் டீம் ஃபுல்பேக் வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

அண்ணாச்சி ‘பாத்தீங்களா’ என்பதுபோல் டீச்சர் பக்கம் கையை நீட்டினார். பேச வரவில்லை.

டீச்சர் கிரவுண்டைக் காட்டினார்.

இரண்டாவது பந்து. கதிரேசன் பந்தை நிறுத்தினான். கேலரியைப் பார்த்தான். பிறகுதான் ஓடினான். ஒரு எட்டு பிந்திவிட்டது.

அடுத்த பந்துக்கும் அப்படித்தான். இந்த முறை பார்வை கொஞ்சம் நீண்டது. கேலரி முழுக்கத் தேடினான்.

அண்ணாச்சி நீட்டிய கையை மெல்ல இறக்கினார்.

பலகை இடைவெளியிலிருந்து கண்ணை எடுத்துக் கேலரியைப் பார்த்தார். மூன்றாவது படியில் அவர் இடம் காலியாகக் கிடந்தது. மகன் பார்த்தது அந்த இடத்தை.

ஊர் முழுக்க அவர் சொல்லித் திரிந்தாரே, பந்து கிடைத்ததும் ஒரு யோசனை என்று. அது இதுதான்.

எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்ல விட்டால்தானே? கதிரேசன் தலையைத் தூக்கும் அந்த நேரத்தில் அண்ணாச்சி பின் படிக்காரர்களிடம் திரும்பி, சங்கையாவாக இருந்தால் இப்போது என்ன செய்திருப்பான் என்று விளக்கிக்கொண்டிருப்பார். பையன் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் முதுகுதான் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணாச்சி விசிலை எடுக்கக் கையைக் கொண்டுபோனார்.

டீச்சர் வேண்டாமென்று தலையசைத்தார்.

எங்கள் டீம் ஒரு கோல் வாங்கியது. நான் எழுந்து நம்பரை மாட்டிவிட்டு வந்தேன். அண்ணாச்சி அதைக் கவனிக்கவே இல்லை.

*

இடைவேளையில் டீச்சர் பையன்கள் இருந்த பக்கம் போனார். கதிரேசன் அவரிடம் வந்து என்னவோ கேட்டான். டீச்சர் என்னவோ சொன்னார். அவன் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்து நின்றான்.

டீச்சர் திரும்பி வந்தார். அண்ணாச்சியின் கண் அவர் முகத்தையே சுற்றியது. விசில் வாயிலேயே இருந்தது.

“அப்பா எங்கன்னு கேட்டான்” என்றார் டீச்சர். “வரலைன்னு சொன்னேன்.”

*

இரண்டாவது பாதியில் கதிரேசன் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கவில்லை.

பந்து வரும்போதே போய்விட்டான். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமலே அவனையும் தாண்டினான். எனக்கு ஹாக்கி பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எழுந்து நின்றுவிட்டேன்.

ஒரு கோல் போட்டான். நம்பரை மாட்டிவிட்டு வந்து உட்காருவதற்குள் பெனால்டி கார்னரில் இன்னொன்று.

இரண்டாவது கோல் விழுந்ததும் பையன்கள் ஓடிவந்து அவன் மேல் விழுந்தார்கள். அவன் எங்கள் பக்கமாகத் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். வாய் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். இத்தனை வருடத்தில் கிரவுண்டுக்குள் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. அவன் அப்பாவும் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது எங்கேயோ விசில் சத்தம் கேட்டது. மெல்லிசாக. அம்பயர் ஊதுகிற சத்தமில்லை.

திரும்பினேன். அண்ணாச்சி பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவர் மூச்சு விடும்போதெல்லாம் விசில் கீச்சிட்டது. டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. பாவம் மனுஷன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அண்ணன் மேல் அவ்வளவு பாசம், மகன் மேலும் அவ்வளவு பாசம்.

*

எங்கள் டீம் ஜெயித்துவிட்டது. கதிரேசனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கிரவுண்ட் காலியானது.

அண்ணாச்சி விசிலை எடுத்து வேட்டியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“எங்க அண்ணனைவிட...” என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார்.



“நான் போய் அவன்கிட்ட பேசட்டுமா டீச்சர்?”

“என்ன பேசுவீங்க?”

“நல்லா ஆடுனடான்னு சொல்வேன்.”

“அப்புறம்?”

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அப்புறம் என்ன வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“சரி, பேசல” என்றார். “நாளைக்கு ஃபைனல். மூணாவது படி வேணாம். இங்கயே, இந்தப் பலகைக்குப் பின்னாலயே நின்னுக்கிடறேன். விசிலை இப்பவே வேணாலும் வாயில வச்சுக்கிடறேன். அவனுக்குத் தெரியவே தெரியாது.”

“கேப்பான், அண்ணாச்சி. இன்னிக்கு மாதிரி நாளைக்கும் கேப்பான். இன்னிக்கு ஒரு பொய் சொல்லிட்டேன். இன்னொண்ணு என்னால சொல்ல முடியாது.”

அண்ணாச்சிக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் பக்கத்தில் கிடந்த என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப நான் வரவே கூடாதா?”

டீச்சர் கையை நீட்டி விசிலை வாங்கிக்கொண்டார்.

“ஃபைனல் டீச்சர். எம் புள்ளை ஆடுற ஃபைனல். ஊரே வந்து பாக்கும், நான் வீட்டுல உக்காந்திருக்கணுமா?”

டீச்சர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அண்ணாச்சியின் குரல் உயர்ந்தது. “பெத்த தகப்பன் வந்து உக்காராம எந்தப் பையனுக்கு ஆட்டம் வரும்? நீங்களே சொல்லுங்க, எவனுக்கு வந்திருக்கு?”

“உங்க அண்ணன் ஆடும்போது,” என்றார் டீச்சர், “உங்க அப்பா எந்தப் படியில உக்காருவாரு?”

“எங்க அப்பாவா? அவரு...” அண்ணாச்சி கேலரியைப் பார்த்தார். ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டே போனார். மேல் படி வரைக்கும் போய்விட்டுக் கீழே வந்தார்.

“அவரு ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்ல, டீச்சர்.”