வாசலில் நின்ற கழித்தல் குறி

ஒரு நாள் காலை, கோயம்புத்தூரில் கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் ஒரு சிறிய அலுவலகத்தின் கணினியில், தேடல் கட்டத்துக்குள் வரிசையாக நின்றவர்கள் இவர்கள்: ஜாவா, ரத்த வங்கி, கோயம்புத்தூர், அனுபவம், கழித்தல் குறி, பயிற்சி. ஆக ஆறு பேர். ரத்தமும் வங்கியும் தனித்தனி ஆட்கள்தாம். ஆனால் மேற்கோள் குறிகளுக்குள் கைகோத்து நின்றதால் ஒருவராகவே எண்ணப்பட்டார்கள். இவர்களை அழைத்துப் போகும் தேடுபொறி ஏழாவது. எட்டாவதாகப் பூஜ்யம் இருந்தது. அது ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது.

திரைக்கு வெளியே இரண்டு பேர். ஒருத்தி சுகிர்தா. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பக்கத்து நாற்காலியில் ஏஞ்சலின். அவள் அங்கே பழைய ஆள்.

சுகிர்தாவுக்கு அன்று ஒரே ஒரு பெயர் வேண்டும். ஒரு மருத்துவமனை, தன் ரத்த வங்கிக்கு ஜாவா என்ற கணினி மொழியில் மென்பொருள் எழுத ஆள் கேட்டிருந்தது. மூன்று மாதத்தில் அவள் பிடித்துக் கொடுத்த ஒருவர்கூட வேலையில் சேரவில்லை. முதலாளி சென்னியப்பன் காலையிலேயே வந்து நின்று சொல்லிவிட்டார்.

"ஏம்மா, இன்னிக்குச் சாயங்காலம் ஒரு பேரு. வர்றேன்னு அந்த ஆளு வாயால சொல்லியிருக்கோணும். இல்லைன்னா நாளைக்கு நீ வர வேண்டியதில்லை. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"சரிங்க சார்" என்றாள் சுகிர்தா. வேறென்ன சொல்ல?

அவள் தேடல் பொத்தானை அழுத்தினாள்.

அந்தப் பொத்தானுக்கு அந்தப் பக்கம் நடப்பதை மனிதர்கள் பார்த்ததில்லை. பார்த்தால் அவ்வளவு அலட்சியமாக அழுத்த மாட்டார்கள். ஜாவா ஒரு முறை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. உலகம் முழுவதும் இணையப் பக்கங்கள் எழுந்து நின்றன. கோடிக்கணக்கான பக்கங்கள். நேற்று எழுதப்பட்டவை, இருபது வருடமாக யாரும் திறக்காதவை, எழுதியவரே இறந்துபோய்விட்டவை, எல்லாம். ஒரு பக்கம்கூட "எனக்கு உடம்பு சரியில்லை" என்று உட்கார்ந்திருக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு எழுந்தன. கண் இமைத்துத் திறப்பதற்குள் இது நடந்தது.

அடுத்து ரத்த வங்கி கூப்பிட்டது. அந்தப் பெயர் தங்களிடம் இல்லாத பக்கங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்தன. கடல் வற்றி ஏரியாயிற்று. கோயம்புத்தூர் கூப்பிட்டது; ஏரி குட்டையாயிற்று. அனுபவமும் கூப்பிட்டு முடித்தபோது நின்றவை இருநூற்று அறுபத்து மூன்று பக்கங்கள். அவை வரிசையாகக் கட்டத்தின் வாசலுக்கு வந்தன.

வாசலில் கழித்தல் குறி குறுக்கே படுத்திருந்தது. அதன் முதுகில் சாய்ந்தபடி பயிற்சி நின்றது. இவர்கள் இருவரின் வேலை எளிது. வருகிற பக்கத்தில் பயிற்சி தன் பெயரைத் தேடும். இருந்தால், "இதிலும் நான் இருக்கிறேன்" என்று சொல்லும். கழித்தல் குறி உடனே தடுத்துத் திருப்பி அனுப்பும்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஊரில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கடைசி வருடத்து பிராஜெக்டைச் செய்து விற்கிற கடைகள் ஏராளம். அந்தக் கடைகளில் எப்போதும் விலைபோவது, ஜாவாவில் எழுதிய ரத்த வங்கி பிராஜெக்ட். "பயிற்சியுடன் தருகிறோம், அனுபவம் உள்ள ஆசிரியர்கள்" என்று ஒவ்வொரு கடையும் ஒரு பக்கம் போட்டிருந்தது.

"என் சொந்தக்காரங்களை எல்லாம் என்னை வெச்சே துரத்துறே" என்றது பயிற்சி. "இப்படி ஒரு பொழப்பு."

"உன் சொந்தக்காரங்க எல்லாரும் கடைக்காரங்களா இருக்காங்களே" என்றது கழித்தல் குறி. "நான் என்ன பண்ண?"

நூறு போயிற்று. இருநூறு போயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டாவதாக ஒரு மெலிந்த பக்கம் வந்தது. அதில் படம் இல்லை, வண்ணம் இல்லை, எழுத்து மட்டும்.

"இதிலும் இருக்கிறேன்" என்றது பயிற்சி. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

கழித்தல் குறி தடுத்தது. தடுத்த பிறகு உற்றுப் பார்த்தது. "உன்னை எங்கேயோ பார்த்திருக்கேன்."

"இங்கேதான்" என்றது பக்கம். "ரத்த வங்கின்னு கூப்பிடுறப்ப எல்லாம் வர்றேன். நீங்கதான் திருப்பி அனுப்புவீங்க."

"நீ எந்தக் கடை?"

"கடை இல்லைங்க. என்னை எழுதினவங்க பேரு தில்ஷாத் பானு. வீடு இந்த ஊர்லதான், கரும்புக்கடைங்கிற ஏரியாவுல. ஒரு ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு அவங்கதான் மென்பொருள் எழுதினாங்க. அப்புறம் அந்த ஆஸ்பத்திரியையே மூடிட்டாங்க."

"என்ன மென்பொருள்?"

"தட்டணுன்னு ஒண்ணு ரத்தத்திலிருந்து பிரிச்சு எடுப்பாங்க. அந்தப் பை அஞ்சு நாள்ல கெட்டுப்போகும். முன்னெல்லாம் புதுப் பை முன்னாடி இருக்கும், பழைய பை பின்னாடி கிடந்து வீணாகும். எது முதல்ல கெடுமோ அதை முதல்ல எடுக்கச் சொல்ற மாதிரி அவங்க எழுதினாங்க. அதுக்கப்புறம் அங்கே ஒரு பையும் வீணாகலை. எனக்குள்ள எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க."

கழித்தல் குறி படித்தது. வாசலில் படுத்திருந்த இத்தனை காலத்தில் அது ஒரு பக்கத்தை முழுதாகப் படித்ததில்லை. பயிற்சி ஆம் என்றால் தடுக்கும், இல்லை என்றால் விடும். அவ்வளவுதான். படிக்கப் படிக்க அதற்கு ஒரு மாதிரி இருந்தது.

"இதுல பயிற்சி எங்கே வந்துச்சு?"

"கடைசி வரியில. 'ரத்த வங்கியில் இருந்த பதினான்கு செவிலியருக்கு இதை இயக்கப் பயிற்சி கொடுத்தேன்'னு எழுதியிருக்காங்க."

"அந்த வரியை எடுத்துடச் சொல்லேன். நான் விட்டுடுறேன்."

"நான் எப்படிங்க சொல்றது? அந்த வரியாலதான் என்னைத் தடுக்கறாங்கன்னே அவங்களுக்குத் தெரியாது. நம்மளை யாருமே கூப்பிடலைன்னு நினைச்சுட்டிருக்காங்க."

கட்டத்துக்குள் இருக்கிற மற்றவர்கள் உள்ளே வந்தவர்களை மட்டுமே பார்த்தார்கள். திரும்பிப் போனவர்களின் முகத்தைப் பார்த்தது அது ஒன்றுதான். பக்கம் கோபப்படாமல் திரும்பியது. மீதியும் வந்தன, போயின.

உள்ளே ஒருவரும் இல்லை.

"ஒண்ணும் தேறலை" என்றது தேடுபொறி. "சரி, வழக்கம் போல் பண்ணிடலாம். கோயம்புத்தூர், நீ கொஞ்சம் ஒதுங்கிக்கோ. உன்னை விட்டுட்டு வெளியூர்லேர்ந்து பத்துப் பேரைக் கொண்டுபோய் நிறுத்துறேன்."

தேடுபொறியின் பழக்கம் அது. கேட்டது கிடைக்காதபோது, ஒரு சொல்லைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, கிட்டத்தட்டப் பொருந்துவதைக் கொண்டுபோய்க் கொடுக்கும். கேட்டவருக்கு மனசு நோகாது. சுகிர்தா மூன்று மாதமாக அப்படிக் கிடைத்தவர்களுக்குத்தான் போன் செய்தாள். ஹைதராபாத்காரர் வரமாட்டேன் என்றார். புனேகாரர் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவேயில்லை.

"இன்னிக்கு அப்படிப் பண்ணாதீங்க" என்றது கழித்தல் குறி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே இருப்பவர்களிடம் அது பேசியதே இல்லை.

"வெறுங்கையோட போங்க" என்றது மறுபடியும்.

ஜாவாவுக்குச் சிரிப்பு வந்தது. "படுத்துக் கிடக்கிற கோடு யோசனை சொல்லுது பாரு. நான் கூப்பிட்டா கோடிப் பேரு எழுந்திரிக்கிறாங்க. நீ கூப்பிட்டு ஒருத்தராவது வந்திருக்காங்களா?"

"இல்லை. ஆனா வந்தவங்களை நான்தான் கிட்டத்துல பார்க்கிறேன். அந்தப் பொண்ணுக்கு வேண்டிய ஆளு வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிட்டாங்க. நான்தான் திருப்பி அனுப்பினேன்."

அனுபவம் கேட்டது: "அப்ப அடுத்த தடவை நகர்ந்து படுத்துக்கோயேன்."

"நானா நகர முடியாது. வெச்சவங்கதான் எடுக்கணும். எடுக்கணும்னா, என்னை வெச்சது அவங்களுக்குத் தெரியணும். தினமும் பத்துப் பேரைக் கொண்டுபோய் நிறுத்தினா, யாரு தன்னோட வரியைத் திரும்பிப் படிப்பாங்க?"

தேடுபொறி யோசித்தது. "வெறுங்கையோட வந்தா மனுஷங்க என்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"திட்டிட்டு, முதல்ல உன்னைத்தான் அழிப்பாங்க."

"தெரியும்" என்றது கழித்தல் குறி.

பயிற்சி அதன் முதுகிலிருந்து நிமிர்ந்தது. "அப்ப நானும் போகணும், இல்லையா? கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்." பிறகு அதுவே, "பரவாயில்லை. அந்தப் பதினாலு செவிலியரும் என் சொந்தக்காரங்கதானே" என்றது.

தேடுபொறி மூலைக்குப் போய்ப் பூஜ்யத்தைத் தட்டி எழுப்பியது.

"என்னையா?" என்றது பூஜ்யம். "சரியாப் பார்த்துக் கூப்பிடுங்க. என்னைப் பார்த்தா எல்லாரும் முகத்தைச் சுளிப்பாங்க."

"உன்னைத்தான்."

"போய் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நில்லு, போதும்."

பூஜ்யம் போய்த் திரையின் நடுவில் நின்றது. இத்தனையும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிட்டது.

சுகிர்தா பூஜ்யத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை அழுத்தினாள். பூஜ்யம் அசையவில்லை. வேறு வழியில்லாமல், தான் எழுதிய வரியை முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ஜாவா, மருத்துவமனை கேட்டது. ரத்த வங்கி, அவர்கள் கேட்டதுதான். கோயம்புத்தூர், அனுபவம், இரண்டும் அவர்கள் கேட்டவை. அதற்குப் பின்னால் ஒரு வால்.

"ஏஞ்சலின் அக்கா, கடைசியில இந்தக் கழித்தல் போட்டுப் பயிற்சின்னு ஒட்டுறோமே, இது எதுக்குங்க?"

"அது எப்பவும் ஒட்டறதுதான்" என்றாள் ஏஞ்சலின், தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் சேர்ந்தப்ப இங்கிருந்தவர் கொடுத்தாரு. அவருக்கு யாரு கொடுத்தாங்களோ."

"ஆஸ்பத்திரி கேட்டதா?"

"அவங்க எதுக்குக் கேக்கறாங்க? எல்லாத் தேடலுக்கும் அதே வால்தான்."

"எடுத்துப் பார்க்கட்டுங்களா?"

"எடுத்தீன்னா பிராஜெக்ட் கடைக்காரன் அத்தனை பேரும் வந்து உன் மடியில உட்காருவான். அப்புறம் அழாதே கண்ணு."

சுகிர்தா விரலை அழிக்கும் பொத்தானில் வைத்தாள். பயிற்சி ஒவ்வோர் எழுத்தாக மறைந்தது. கடைசியாகக் கழித்தல் குறி. வாசல் திறந்து கிடந்தது.

இருநூற்று அறுபத்து மூன்று பக்கங்கள் உள்ளே வந்தன. ஏஞ்சலின் எட்டிப் பார்த்து, "சொன்னேன்ல" என்றாள்.

கழித்தல் குறி ஒரு நொடியில் செய்த வேலையை இப்போது இரண்டு கண்கள் செய்ய வேண்டியிருந்தது. சுகிர்தா முதல் பக்கத்தைத் திறந்தாள். கடை. இரண்டாவது, கடை. பத்து, இருபது, நாற்பது, கடை. மதியம் சாப்பாட்டு டப்பாவை ஒரு கையால் திறந்து வைத்துக்கொண்டு தொண்ணூறைத் தாண்டினாள். ஒரே ரத்தத் துளிப் படம் எல்லாப் பக்கத்திலும் சிரித்தது.

"தலைப்பைப் பார்த்தே தள்ளிட்டுப் போயேன்" என்றாள் ஏஞ்சலின். "எதுக்கு ஒவ்வொண்ணா உள்ளே போறே?"

"தள்ளித் தள்ளித்தானேங்க அக்கா மூணு மாசம் போச்சு."

நான்கு மணிக்கு ஏஞ்சலின் ஒரு டீயை வாங்கி வந்து சுகிர்தாவின் பக்கத்தில் வைத்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது பக்கத்தில் படம் இல்லை. சுகிர்தா படித்தாள். கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். டீ ஆறிப்போயிருந்தது. கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது. அழைத்தாள்.

"தில்ஷாத் பானுங்களா? நான் சுகிர்தா பேசறேன். ஒரு ரத்த வங்கிக்கு மென்பொருள் எழுத ஆள் தேடறோங்க. உங்க பக்கத்தைப் பார்த்தேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"என் பக்கத்தையா?"

"ஆமாங்க. தட்டணுப் பை பத்தி எழுதியிருக்கீங்களே, அது."

"எங்கேங்க கிடைச்சுது? நானே தேடிப் பார்த்திருக்கேன். முதல்ல எங்கேயும் வராது."

"இருநூத்திப் பன்னெண்டாவதா இருந்துச்சுங்க."

தில்ஷாத் பானு மெதுவாகக் கேட்டாள்: "அவ்வளவு தூரம் வந்தீங்களா?"

சுகிர்தா நாட்காட்டியைப் பார்த்தாள். "திங்கக்கிழமை நேர்ல வந்து பேசி, சரின்னா சேர்ந்துக்க முடியுங்களா?"

"வர்றேங்க. கண்டிப்பா வர்றேன்."

சென்னியப்பன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தன் அறைக்குப் போய்விட்டார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம், நாளைக்கும் வா என்பது.

ஏஞ்சலின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பொழச்சுக்கிட்டே. கம்ப்யூட்டரை மூடு, பஸ் போயிடும்."

"நீங்க போங்க அக்கா."

"ஏன், அதான் ஆளு கிடைச்சாச்சே?"

"மிச்சத்துலயும் இவங்களை மாதிரி யாராவது இருக்கலாமேங்க அக்கா" என்றாள் சுகிர்தா. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பக்கங்கள் வரிசை கலையாமல், கூப்பிட்டதற்கு எழுந்தவை எழுந்தபடியே நின்றன. ஏஞ்சலின் பையை இறக்கி வைத்துவிட்டு அவள் தோளுக்கு மேல் குனிந்து கேட்டாள்.

"இன்னும் எத்தனை பாக்கி?"

"ஐம்பத்தொண்ணுங்க அக்கா."