கரட்டூர் சந்தையில் ஒரு கன்று

“சாமி, ஒன்னுக்கு மூணாகுதுங்க. போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க.”

கேட்டவர் செங்கோடன். வயசு ஐம்பத்தாறு. பன்னிரண்டு விசைத்தறியையும் விற்றுப் பணத்தைப் பேங்கில் போட்டு வைத்திருக்கிறார். மிச்ச ஆயுசுக்கு அவருக்கும் சம்சாரம் பாவாயிக்கும் அதுதான் சோறு. தை மாசம் பாவாயிக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

பதில் சொல்ல வேண்டியவர் தரகுச்சாமி. செங்கோடனைவிடப் பதினைந்து வயசு சின்னவர். மாட்டுத் தரகராக இருந்தவர், ஒருநாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே மொட்டைக் குன்றின் அடிவாரமான கரட்டடியில் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால் சொல்கிற ஆளில்லை.

“கம்பெனி எந்த ஊருங்க?”

“ஒன்னு ஆப்பிரிக்காவுல, காப்பிக்கொட்டை வறுக்கறாங்க. இன்னொன்னு வியட்நாமுல, சைக்கிள் டயரு. சின்னக் கம்பெனி ஷேருதான். ஆனா வளர்ற நாடுங்க, வளர்ற கம்பெனி! எங்க மச்சான் போட்டது ரெண்டே வருசத்துல மூணு மடங்கு ஆயிருச்சு.”

“மச்சான் எடுத்துட்டாரா?”

“எதுக்கு எடுக்கோணும்? இன்னும் ஏறுமில்லீங்க! தெனமும் போன்ல பாத்துக்கறாரு.”

“நீங்க எவ்வளவு போடறீங்க?”

“பூராத்தையும்.”

சாமி ஒரு கொட்டாவி விட்டார். இந்த மனுஷனுக்கு எந்த நேரத்தில் கொட்டாவி வரும் என்று கணக்கே கிடையாது.

“இன்னைக்குச் செவ்வாய். கரட்டூர்ல சந்தை. போயி ஒரு கன்னு வாங்கியாங்க.”

“கன்னா? நான் தறிக்காரனுங்க சாமி!”

“தறியத்தான் வித்துட்டீங்களே.”

செங்கோடன் போனார்.

கரட்டூர் சந்தை என்பது பேருக்குத்தான் சந்தை. இருபது ஆடு, ஏழெட்டு மாடு, ஒரு டீக்கடை. அங்கே மாடு வாங்குவதும் விற்பதும் மாரப்பன் என்கிற ஒரே வியாபாரிதான். அவரிடம் ஒரு கிடாரிக் கன்று நின்றது. பால் குடித்து வளர்ந்த உடம்பு, மினுமினுவென்று இருந்தது.

மாரப்பன் துண்டை விரித்துக் கையை மூடினார். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரல் ஆயிரம், முழுக்கை ஐயாயிரம். இரண்டு முறை முழுக்கை, அப்புறம் இரண்டு விரல். பன்னிரண்டாயிரத்துக்கு முடிந்தது.

கால் மணி நேரம் ஆகவில்லை. டீ வேறு வாங்கிக் கொடுத்தார் மாரப்பன்.

கன்றைப் பார்த்ததும் சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், முதுகை நீவினார்.

“அருமையான கன்னு. ஏமாறலைங்க நீங்க.”

செங்கோடனுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களா! சரக்கு பாக்கற கண்ணுங்க இது.”

“சரி. பொழுது சாயறதுக்குள்ள இதை வித்துப்போட்டு வாங்க.”

“இவ்வளவுதானா? நல்ல சரக்கு தானா போகும் சாமி. முப்பது வருசம் துணி வித்தவன் நான்.”

உச்சிவெயிலில் திரும்பப் போனார். பாதிச் சந்தை கலைந்திருந்தது. ஆட்டுக்காரர் ஒருத்தர் கன்றைத் தட்டிக்கொடுத்து, “பதினஞ்சு பெறுமுங்க” என்றார். “நீங்க வாங்கிக்கறீங்களா?” என்றதும், “நமக்கெதுக்குங்க மாடு?” என்று நகர்ந்துவிட்டார். டீக்கடைக்காரர், “லட்சுமி மாதிரி இருக்குது” என்றார். கும்பிட்டார். அதோடு சரி.

மூன்று மணிக்கு மிஞ்சியது மாரப்பன் ஒருத்தர்தான். அவரே துண்டை விரித்தார்.

ஒரு முழுக்கை. அத்தோடு விட்டுவிட்டார்.

“ஏனுங்க, காத்தால பன்னண்டுக்கு வித்தது நீங்கதானுங்களே!”

“ஆமா, நாந்தான் வித்தேன். இப்ப விக்கறது நீங்க. வேற ஆளு இருந்தா பாருங்க.”

செங்கோடன் சுற்றிப் பார்த்தார். டீக்கடைக்காரர் பாய்லரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்துக்குக் கன்றையும் இழுத்துக்கொண்டு கரட்டடிக்கு வந்து சேர்ந்தார்.

“அநியாயமுங்க சாமி! பன்னண்டாயிரத்துக் கன்னை அஞ்சுக்குக் கேக்கறான். கன்னுல ஒரு குறை சொல்லச் சொல்லுங்க பாக்கலாம்!”

“கன்னுல குறையே இல்லீங்க. காத்தாலயே சொன்னனே.”

“பின்னே?”

“அஞ்சுக்கே குடுத்துட்டு வர்றதுதானுங்களே?”

“குடுக்கறதாவது! பாதிக்கும் கீழ குடுக்க எனக்கென்ன தலையெழுத்தா? வீட்டுல கட்டி வளப்பேன். ரெண்டு வருசம் போனா ஈனும், பாலு குடுக்கும். அப்ப பெரிய சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி, கேட்ட விலைக்கு விப்பேன். எனக்கென்ன அவசரம்? இன்னைக்கே காசு வேணும்னு யாரு என் கழுத்துல கத்தி வெச்சாங்க?”

“யாரும் வெக்கலீங்க.”

சாமி துண்டை எடுத்துக் கன்றின் முதுகில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். நிதானமாகத்தான் தட்டினார்.

“ஷேரையும் யாராச்சும் வாங்கினாத்தானுங்க காசு. பாவாயம்மாவுக்கு ஆபரேஷன் தையில எத்தனாந் தேதிங்க?”

தேதி செங்கோடனுக்கு நன்றாகத் தெரியும். காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டதே அவர்தான்.

“எட்டாந் தேதி” என்றார்.

கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு, கன்றுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.