நூற்றுக்குக் குறையாத நண்பர்கள்

"ஏனுங் ஆசான், வாசல்ல நூறு பேரைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறனுங். ஒருத்தரைக்கூடச் சேத்துக்க மாட்டேங்கறீங்க. இது நல்லாவா இருக்குது?"

கேட்டவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்து நான்கு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதியில் வேலை. பகலெல்லாம் துணியில் ஓட்டை தேடுகிறவர்.

ஆசான் சந்தனமாரி. வயது இருபத்தொன்பது. தூத்துக்குடியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள்.

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. சந்திப்பதெல்லாம் அலைநகரில்.

அலைநகர் கணினிக்குள் இருக்கும் ஊர். அங்கே மனிதர்கள் பொம்மை உருவில் நடப்பார்கள், ஹெட்போனில் பேசுவார்கள், வீடு கட்டுவார்கள், சண்டை போடுவார்கள். ஊர் என்றால் சண்டை இல்லாமலா?

சந்தனமாரி ஏழு வருடமாக அங்கே கதவு செய்கிறாள். அலைநகரில் ஒரு கதவு சத்தமில்லாமல் திறந்தால் அது அவள் பட்டறைக் கதவு. நாச்சிமுத்து மூன்று வருடமாக அவளிடம் தொழில் கற்கிறார். பட்டறையை ஒட்டியே வீடும் கட்டிக்கொண்டார்.

அந்தப் பட்டறையை வருகிற ஞாயிற்றுக்கிழமை இடிக்கப் போகிறார்கள்.

ஊர்ப் பேரவையின் புது உத்தரவு அப்படி. நட்புப் பட்டியலில் நூறு பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர் நம்பத் தகாதவர். நம்பத் தகாதவர் கட்டியது எதுவும் ஊரில் நிற்கக் கூடாது.

சந்தனமாரியின் கணக்கில் நண்பர்கள்: ஒன்று. எண் ஊருக்குத் தெரியும். பெயர் அவளுக்கு மட்டும் தெரியும்.

நூறு பேரைச் சேர்ப்பது அங்கே பெரிய வித்தை இல்லை. சந்தை முனையில் ஒரு மேடை உண்டு. ஏறி நின்றால் போதும். பக்கத்தில் நிற்பவர்கள் உங்களைச் சேர்ப்பார்கள், நீங்கள் அவர்களைச் சேர்ப்பீர்கள். பெயர்கூடக் கேட்க வேண்டாம். நாச்சிமுத்துவின் பட்டியலில் இருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் முக்கால்வாசி அப்படி வந்தவர்கள்தாம்.

அந்த மேடையிலிருந்துதான் இந்த நூறு பேரையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

சந்தனமாரி செய்துகொண்டிருந்த கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, இந்தக் கதவுக்கு எத்தனை கீலு?"

"மூணுங்க."

"நூறு வச்சா?"

"ஒரு பக்கம் எடம் பத்தாதுங்க. நாலு பக்கமும் அடிக்கோணும்."

"அடிச்சா?"

"அப்பறம் அது கதவு இல்லீங்க. செவுரு."

"அவங்களை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. பாவம், வேலையத்து நிக்காவ."

நாச்சிமுத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"கீலும் கதவும் கெடக்கட்டுமுங்க. ஞாயித்துக்கெழம இது பூராவும் போயிரும். ஏழு வருசப் பாடு. ஒரு பட்டனை அமுக்கறதுக்கு உங்களுக்கு என்னுங்க கேடு?"

"தெரியாத ஆளைத் தெரியும்னு நான் எதுக்குண்ணே சொல்லணும்?"

"ஊரே சொல்லுதுங்களே!"

"ஊரு சொல்லட்டும்."

அவருக்கு அழுகை முட்டியது. ஓட்டை கண்டுபிடிக்கிற ஆளிடம் கம்பெனியில் யாரும் சிரித்துப் பேசுவதில்லை. சாயங்காலம் இந்தப் பட்டறைக்கு வந்தால்தான் அவருக்கு அன்றைய நாள் நாளாகும்.

"நீங்க வேற ஊரு பாத்துப் போயிருவீங்க. நான் எங்கீங்க போறது?"

சந்தனமாரி கதவை நிலையில் மாட்டி ஒருமுறை திறந்தாள், மூடினாள். பிறகு அடுத்த கதவை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பேரவைத் தலைவர் வெற்றிவேந்தன் வந்தார். அவருக்கு நாலாயிரத்து முந்நூறு நண்பர்கள். அந்த எண்ணைப் பொன்னெழுத்தில் தலைக்கு மேல் மிதக்க விட்டிருந்தார். பின்னால் பெருங்கூட்டம். இடிப்பதைப் பார்க்க எந்த ஊரிலும் ஆள் சேரும்.

"சகோதரி, உங்கள் மேல் எங்களுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவுமில்லை. போன மாதம் ஒரு திருடன் உள்ளே புகுந்து பூங்காவையே பெயர்த்துக்கொண்டு போனான். மக்களைக் காப்பது எங்கள் கடமை."

"அந்தத் திருடன் பட்டியல்ல எத்தனை பேருய்யா?"

தலைவர் செருமினார்.

"எண்ணூத்துச் சொச்சம்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதுல நீங்க உண்டுமா?"

"அது இப்போது எதற்கு?"

கூட்டம் சிரித்தது. தலைவரின் நண்பர்களும் சிரித்தார்கள்.

சந்தனமாரி சிரிக்கவில்லை. "உங்க நாலாயிரத்து முந்நூறு பேர்ல யாருக்குய்யா சாவி குடுத்திருக்கிய?"

சாவி என்பது அலைநகரில் எல்லாரும் அறிந்த சமாச்சாரம். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சின்னச் சாவிப் படம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டு எரியவிட்டால், நீங்கள் கட்டியதை அந்த ஆள் மாற்றலாம், உடைக்கலாம், ஒரே நொடியில் தடமில்லாமல் அழிக்கலாம். கொடுத்ததை நீங்களாகச் சொன்னாலொழிய வாங்கியவருக்குத் தெரியாது.

"சாவியா?" என்றார் தலைவர். "கண்டவனுக்குச் சாவி கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

சந்தனமாரி தன் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி விரித்துக் காற்றில் மாட்டினாள்.

ஒரே பெயர். நாச்சிமுத்து, திருப்பூர்.

பக்கத்தில் சாவி மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கீழே சாவி கொடுத்த தேதி. மூன்று வருடம் முந்தியது. நாச்சிமுத்துக்கு அந்த நாள் நினைவிருந்தது. அவர் செய்த முதல் கதவு ஒரு நூலளவு கோணிவிட்டது. வாங்க வந்தவர் பரவாயில்லை என்ற பிறகும் இவர் கொடுக்காமல் பிரித்துப் போட்டார்.

மூன்று வருடத்தில் எத்தனை முறை அவளோடு சண்டை போட்டு ஹெட்போனைக் கழற்றி எறிந்திருக்கிறார்! நினைத்திருந்தால் ஒரே தட்டில் பட்டறையைத் துடைத்திருக்கலாம். அவள் அதைத் தெரிந்தேதான் அவரோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"ஒருவர் போதாது சகோதரி. விதி என்றால் விதி. நூறு."

"ஒண்ணுதான்யா. இடிங்க."

நாச்சிமுத்து தன் பட்டியலைத் திறந்தார்.

சந்தனமாரியின் பெயரைத் தேடிப் பிடித்து, பக்கத்துச் சாவியைத் தொட்டார். எரிந்தது. பிறகு மேலே போய், முதல் பெயரை நீக்கினார்.

இரண்டாவதை நீக்கினார்.

எல்லாரையும் மொத்தமாக நீக்க வழி இருந்தது. அவர் ஒவ்வொன்றாகவே போனார். மேசையில் துணியைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதுபோலப் பெயரைப் படித்தார், ஆள் யாரென்று யோசித்தார், நீக்கினார். இரண்டு பெயர்களிடம் மட்டும் சற்று நின்றார். பிறகு அவர்களையும் நீக்கினார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "ஏய், என்னையுமா?" என்றார் ஒருவர்.

அலைநகரில் ஒருவர் நீக்கினால் இருவர் பட்டியலிலும் பெயர் போய்விடும். தலைவரின் தலைக்கு மேல் மிதந்த பொன் எண்ணில் ஒன்று குறைந்தது.

அவர் அண்ணாந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "என்ன காரியம் செய்கிறீர்கள்? நூற்றுக்குக் கீழே போனால் உங்கள் வீடும் போகும். தெரியுமா?"

நாச்சிமுத்து கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வேலை முடியும்வரை தலை நிமிரவில்லை. கடைசியில் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது.

அதை அவரும் காற்றில் மாட்டினார். பட்டறைக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தெரியுமுங்க" என்றார். "எதுலீங்க ஆரம்பிக்கறீங்க?"