கதவு கழுவிய நரி

மிருகங்கள் எல்லாம் பேசிய காலம் அது. நரி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே பேசிய காலம். அப்போது ஒரு காட்டில், மண்சுவர்க் குடிசையில் ஒரு முனிவர் இருந்தார். அவர் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தீர்த்த யாத்திரை போனார். போனதும், வாசல் மரத்தில் வெகுநாளாக வசித்த ஒரு மைனா கூரைச் சந்து வழியே உள்ளே வந்து, கூடு கட்டி, மூன்று குஞ்சு பொரித்தது.

ஒருநாள் அடித்த காற்றில் கூடு பொத்தென்று தரையில் விழுந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.

வாசனை பிடித்து நரி வந்தது. கயிற்றைக் கடித்து அறுத்தது. கோடையில் காய்ந்து சுருங்கிய மரக்கதவு. பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடுக்கு. ஒரு தள்ளு போதும்.

மழைக்காலத்தில் இதே கதவு தண்ணீரைக் குடித்து உப்பி, முனிவரையே வெளியே விடாமல் அடம்பிடித்ததை மைனா பார்த்திருந்தது. தொண்டையைச் செருமி, முனிவர் குரலை எடுத்தது.

“எவனடா என் கதவில் எச்சில் வைத்தவன்?”

நரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. “சாமி, உள்ளேதான் இருக்கிறீர்களா? நான் சும்மா இந்தப் பக்கம்...”

“கழுவுடா கதவை. இல்லையென்றால் தவளையாகப் போவாய்.”

நரி வாசலில் கிடந்த குடத்தோடு குளத்துக்கு ஓடியது. குடம் குடமாக ஊற்றியது. இடுக்கில் தெரிந்த வெளிச்சம் விரல் பருமனிலிருந்து வைக்கோல் பருமனாயிற்று.

மைனா சீடன் குரலில், “குருவே, கீழ்ப்பலகை இன்னும் நாறுகிறது” என்றது. மறுபடி குடம் குடமாகத் தண்ணீர். வெளிச்சம் தலைமுடி அளவாயிற்று.

அப்புறம் பசுவின் குரலில், “ம்மா” என்றது.

“பார், பசுவுக்கே பிடிக்கவில்லை” என்றார் ‘முனிவர்’.

“மாடெல்லாம் என் வேலையில் குற்றம் சொல்லும்படி ஆயிற்று” என்று முனகிக்கொண்டே நரி மூன்றாம் முறையும் ஊற்றியது.

பொழுது சாய்ந்தது. பசி பொறுக்காத ஒரு குஞ்சு, “கீச்” என்றது.

நரி குடத்தைக் கீழே வைத்தது. “சாமி, இப்போது பேசியது யார்? உங்கள் தாத்தாவா?”

மைனாவுக்குத் தாத்தா குரல் தெரியாது.

நரி பாய்ந்து வந்து தோளால் மோதியது. கதவு அசையவில்லை. பின்னால் போய் மறுபடி மோதியது. அசையவில்லை. மூன்றாம் முறை மோதியதில் நரியின் தோள்தான் அசைந்தது. குடித்த தண்ணீரில் பலகைகள் உப்பி, இடுக்கெல்லாம் அடைத்து, கதவு நிலையோடு இறுகிக் கிடந்தது.

“அப்படியானால் நானே கழுவி, நானே பூட்டிவிட்டேனா?” என்றது நரி.

“ரொம்பச் சுத்தம், நரியண்ணே” என்றது மைனா, இந்த முறை சொந்தக் குரலில்.

மறுநாளே கோடைமழை பிடித்துக்கொண்டது. கதவு காய்ந்து இளகுவதற்குள் குஞ்சுகள் பறந்துவிட்டன.

ஆகவே, பேச்சு சாமர்த்தியம் ஆபத்தைக் கொஞ்ச நேரம்தான் நிறுத்தி வைக்கும். அந்த நேரத்துக்குள் காரியத்தை முடித்துக்கொள்பவரே பிழைப்பார்.